கனடாத் திருச்சபைகளின் தீராக் கடன்

கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று இருந்த உறைவிடப் பள்ளிகளுக்குப் பணம் கொடுத்தது அரசு. அவற்றை நடத்தியவை திருச்சபைகள். அந்தப் பணம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைப் பார்த்துவிட்டு வந்தால்தான், இன்று அதே திருச்சபைகள் பூர்வகுடிச் சமூகங்களின் நலமீட்புக்குக் கொடுக்கும் நிதியைச் சரியாக எடைபோட முடியும். 1892இல் ஒட்டாவா ஓர் ஆணை பிறப்பித்தது. பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, தலைக்கு இவ்வளவு என்று மானியம். பிள்ளை குறைந்தால் பணம் குறையும். எனவே இருமலோடு வந்த பிள்ளையையும் சேர்த்துக்கொண்டார்கள். ஏற்கெனவே நெரிசலான கூடத்தில் இன்னும் சில கட்டில்களை நெருக்கிப் போட்டார்கள். அப்படியும் தொகை போதவில்லை. அரை நாள் படிப்பு, அரை நாள் வேலை என்ற ஏற்பாட்டில் பிள்ளைகளே வயலில் உழைத்து, துணி துவைத்து, விறகு பிளந்து பள்ளியை ஓட்டினார்கள். இந்தத் தலைக்கணக்கு 1957 வரை நீடித்தது. கணக்கர்கள் எழுதிவைக்கும் வரலாறு சில சமயம் வரலாற்றாசிரியர்கள் எழுதுவதைவிட நேர்மையாக இருக்கும்.

19ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1990களின் பிற்பகுதி வரை நடந்த இப்பள்ளிகளுக்குள் சுமார் ஒன்றரை லட்சம் பிள்ளைகள் போனார்கள். முதற்குடிகள், இனுயிட், மெட்டி என்று மூன்று வகுப்பாரும் அதில் உண்டு. 1920இல் சட்டத்தைத் திருத்தி, பிள்ளையை அனுப்பாத பெற்றோரைத் தண்டிக்க வழிசெய்தார்கள். தாய்மொழி பேசினால் அடி. முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், பல பள்ளிகளில் எண் கொடுத்தார்கள். அரசின் மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907இல் மேற்கு மாகாணப் பள்ளிகளைப் பார்வையிட்டுவிட்டு, விவரம் அனுப்பிய பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இறந்துவிட்டதாக எழுதினார். பெரும்பாலும் காசநோய். அறிக்கை வந்தது, பத்திரிகைகளில் பேச்சு எழுந்தது, அடங்கியது. ஓய்வுபெற்றபின் 1922இல் அவரே ஒரு சிறு நூலாக அதை அச்சிட்டு ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இப்பள்ளிகளில் இறந்ததாக இன்று வின்னிபெக்கிலுள்ள உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையத்தின் பதிவேட்டில் இருக்கும் பெயர்கள் 4,100க்கும் மேல்.

பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றைக் கத்தோலிக்க மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தின. அவற்றில் ஒப்லேட் துறவிகளின் கை பெரியது. அடுத்து ஆங்கிலிக்கன் திருச்சபை. பிறகு மெதடிஸ்டுகளின் வழிவந்த ஐக்கியத் திருச்சபை, பிரஸ்பிடேரியன் திருச்சபை. 1969இல் அரசு நிர்வாகத்தை முழுவதுமாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

மௌனம் உடைந்தது 1990 அக்டோபரில். மனிட்டோபாவின் பூர்வகுடித் தலைவர் பில் ஃபான்டேன், தான் சிறுவனாக இருந்த பள்ளியில் தனக்கும் தோழர்களுக்கும் நடந்த வன்கொடுமையைத் தொலைக்காட்சியில் சொன்னார். அதன்பின் மன்னிப்புகள் வரிசையாக வந்தன: 1991இல் ஒப்லேட் சபை, 1993 ஆகஸ்டில் ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயர் மைக்கேல் பியர்ஸ், 1994இல் பிரஸ்பிடேரியன் திருச்சபை. ஐக்கியத் திருச்சபை இவர்களுக்கெல்லாம் முன்பே, 1986இல் ஒன்டாரியோவின் சட்பரி நகரில், பூர்வகுடிகளின் ஆன்மிகத்தை மதிக்காமல் தன் பண்பாட்டைத் திணித்ததற்காக மன்னிப்புக் கேட்டிருந்தது. பள்ளிகளுக்கென்று தனியாக அது மன்னிப்புக் கேட்டது 1998இல்.

சட்பரியில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பூர்வகுடிப் பெரியவர்கள் அந்த மன்னிப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. மன்னித்தோம் என்று சொல்லாமல், காதில் வாங்கிக்கொண்டோம் என்ற அளவில் நிறுத்தினார்கள். அந்த நாளின் நினைவாக அங்கே கற்களை அடுக்கி ஒரு குவியல் எழுப்பினார்கள். அதை வேண்டுமென்றே முடிக்காமல் விட்டார்கள். வார்த்தை செயலாக மாறும்போது மேலே கல் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். திருச்சபைகளின் நிதியுதவிகளைப் பற்றி அதற்குப்பின் எழுதப்பட்ட அறிக்கைகள் ஏராளம். அந்த அரைகுறைக் கற்குவியல் சொன்ன அளவுக்குத் தெளிவாக எதுவும் சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

செயல் என்று பார்த்தால், ஆங்கிலிக்கன் திருச்சபை 1990களின் தொடக்கத்திலேயே ஒரு நலமீட்பு நிதியை உருவாக்கியது. ஐக்கியத் திருச்சபை 1994இல் தொடங்கியது. வழக்குகள் குவிந்து நெருக்கியது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். ஆகவே வக்கீல் நோட்டீசுக்குப் பயந்து கொடுத்த பணம் என்று இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தொகை சிறியது. ஊருக்குச் சில ஆயிரம் டாலர், மிஞ்சிப்போனால் பத்து, பதினைந்தாயிரம். ஆனால் அது போன இடங்களைப் பார்க்க வேண்டும். மொழி வகுப்பு, பெரியவர்களும் இளைஞர்களும் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டங்கள், காட்டில் முகாம், பாட்டும் முரசும். இதே திருச்சபைகள் ஒரு காலத்தில் அரசை நெருக்கி, பசிபிக் கரையின் பொட்லாட்ச் விருந்துச் சடங்கை 1884இல் சட்டம் போட்டுத் தடுக்கவைத்தவை. அந்தத் தடை 1951 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. முரசு கொட்டிச் சடங்கு நடத்தினால் சிறை என்றிருந்ததற்கும், முரசு செய்யத் தோல் வாங்கப் பணம் என்பதற்கும் நடுவில் நாற்பது, ஐம்பது ஆண்டுகள்தான்.

அரசின் பணம் வந்தது 1998இல். பூர்வகுடி மக்கள் பற்றிய அரச ஆணையம் 1996இல் கொடுத்த பெரிய அறிக்கைக்குப் பதிலாக, 35 கோடி டாலரில் பூர்வகுடி நலமீட்பு அறக்கட்டளை உருவானது. ஜார்ஜஸ் எராஸ்மஸ் தலைமையில் பூர்வகுடிகளே நடத்திய அமைப்பு. நாடு முழுக்க 1,300க்கும் மேற்பட்ட மானியங்களை அது கொடுத்தது. அதற்கு ஒரு வேலி இருந்தது: உடல், பாலியல் வன்கொடுமையின் விளைவுகளைத்தான் அந்தப் பணத்தைக் கொண்டு ஆற்றலாம், மொழியும் பண்பாடும் பறிபோனதை அரசோடு செய்துகொண்ட நிதி ஒப்பந்தம் தன் வரம்புக்கு வெளியே வைத்தது. மொழியை இழந்ததற்கு இழப்பீடு என்று ஒத்துக்கொண்டால் அது எங்கே போய் முடியுமோ என்று அரசு வழக்கறிஞர்கள் அஞ்சியிருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் திருச்சபைகளின் சில்லறை நிதி வேலை செய்தது. கிரீ மொழியில் பேத்தியோடு பேச முடியாத பாட்டியின் துயரத்துக்கு அரசின் விண்ணப்பப் படிவத்தில் இடமில்லை. ஆங்கிலிக்கன் நிதியின் படிவத்தில் இருந்தது.

அறக்கட்டளை இன்னொன்றையும் கண்டு சொன்னது. ஓர் ஊர் தன் காயத்தை மறுப்பதை நிறுத்தி, பயமின்றிப் பேசும் நிலையை உண்டாக்கி, ஆட்கள் உண்மையிலேயே சிகிச்சைக்குள் வருவதற்கு ஏறத்தாழ பத்தாண்டுத் தொடர் உழைப்பு வேண்டும் என்று அதன் ஆய்வுகள் கூறின. அரசே செய்வித்த மதிப்பீடும் பணி நன்றாக நடக்கிறது, தொடரலாம் என்றது. 2010 மார்ச்சோடு அரசு பணத்தை நிறுத்தியது. பெரும்பாலான ஊர்களில் பணி அத்தோடு நின்றது. 2014 செப்டம்பரில் அறக்கட்டளை கதவைச் சாத்தியது. பத்தாண்டு வேண்டும் என்று கண்டறிந்த அமைப்புக்கே சமூகங்களோடு உழைக்கக் கிடைத்தது பத்தாண்டுக்குச் சற்று அதிகம்.

இதற்கிடையில் வழக்குகள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் லிட்டன் ஊர்ப் பள்ளி தொடர்பான தீர்ப்புகளும் செலவும் தாங்காமல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் கரிபு பேராயம் 2001 இறுதியில் இழுத்து மூடப்பட்டது. போர்ட் ஆல்பெர்னி பள்ளி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல் பொறுப்பை அரசுக்கு 75, ஐக்கியத் திருச்சபைக்கு 25 விழுக்காடு என்று பிரித்தது. ஆயிரக்கணக்கான வழக்குகளை ஒவ்வொன்றாக நடத்தினால் சாட்சிகள் எல்லாரும் இறந்துபோவார்கள் என்ற நிலையில்தான் 2006இல் உறைவிடப் பள்ளிகள் தீர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பள்ளியில் இருந்த ஒவ்வொருவருக்கும் முதல் ஆண்டுக்கு 10,000 டாலர், அடுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 3,000 டாலர். வன்கொடுமைக்குத் தனி விசாரணை, தனி இழப்பீடு. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும் இந்த ஒப்பந்தத்தின் பிள்ளைதான்.

ஒப்பந்தத்தில் கத்தோலிக்கத் தரப்பு மூன்று வாக்குறுதிகள் கொடுத்தது. 2.9 கோடி டாலர் ரொக்கம். 2.5 கோடி டாலர் மதிப்புள்ள சேவைகள். மூன்றாவது, நாடு தழுவிய நிதி திரட்டலில் 2.5 கோடி டாலர். இந்த மூன்றாவதில்தான் கதை இருக்கிறது. ‘இயன்றவரை முயல்வோம்’ என்ற அளவில்தான் அந்த ஷரத்து எழுதப்பட்டிருந்தது. முயன்றதன் பலன் சுமார் 37 லட்சம் டாலர். அதாவது இலக்கில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் வந்தது. ரொக்கத் தொகையில் ஒரு பாக்கியைப் பற்றி அரசுக்கும் கத்தோலிக்கத் தரப்புக்கும் தகராறு வந்து நீதிமன்றம் போனபோது, 2015 ஜூலையில் சஸ்காச்சுவான் நீதிபதி நீல் கேப்ரியல்சன் அளித்த தீர்ப்பில், 12 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு எல்லாக் கடப்பாட்டிலிருந்தும் விடுவிக்க இரு தரப்பும் ஒப்புக்கொண்டுவிட்டன என்று முடிவானது. நிதி திரட்டும் கடப்பாடும் அதோடு போயிற்று. அரசு மேல்முறையீட்டு மனு போட்டு, பிறகு தானே திரும்பப் பெற்றது.

திரட்ட முடியவில்லை என்பதை நம்பலாமா? கனடிய ஒலிபரப்புக் கழகம் 2021இல் கணக்குப் போட்டுப் பார்த்தது. ஒப்பந்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் கத்தோலிக்கத் தரப்பு தேவாலயக் கட்டடங்களுக்குச் செலவிட்ட தொகை 29 கோடி டாலருக்கும் மேல். சாஸ்கடூனில் 2012இல் எழுந்த புதிய பேராலயத்துக்கு 2.8 கோடி டாலருக்குமேல் சேர்ந்தது. அதே மறைமாவட்டத்தில் பள்ளிகளிலிருந்து உயிர்தப்பி வந்தவர்களுக்கென்று சேர்ந்தது சுமார் 34 ஆயிரம். அதே மக்கள், அதே காணிக்கைத் தட்டு. கேட்கிற வாய்தான் வேறு மாதிரி கேட்டிருக்கிறது. சேவைகள் என்று கணக்குக் காட்டியவற்றில் விவிலிய வகுப்புகளும் இருந்ததாகப் பத்திரிகைகள் வெளிப்படுத்தின. விவிலியம் படிப்பது பிழையில்லை. பூர்வகுடிகளில் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் ஏராளம், வடக்கே இனுயிட் ஊர்களில் ஆங்கிலிக்கன் ஆராதனை அவர்கள் மொழியிலேயே நடக்கிறது. ஊரார் கேட்டு அப்படி ஒரு கூட்டம் நடத்தினால் அது அவர்கள் உரிமை. ஆனால் மதம் மாற்றுவதற்காகப் பிள்ளைகளைப் பிடித்துச் சென்றவர்கள் அந்தக் கடனை இன்னொரு ஞானோபதேச வகுப்பால் கழித்துக்கொள்வது என்ன கணக்கு?

கத்தோலிக்கத் தரப்புக்கு ஒரு வாதம் உண்டு. கனடாக் கத்தோலிக்கத் திருச்சபை என்று சட்டத்தில் ஓர் ஆள் கிடையாது. ஒவ்வொரு மறைமாவட்டமும் ஒவ்வொரு துறவற சபையும் தனி நிறுவனம். சுமார் 70 மறைமாவட்டங்களில் 16 மட்டுமே பள்ளிகளோடு தொடர்புள்ளவை. சட்டப்படி இது உண்மை. ஆனால் புனிதர் பட்டம் கொடுக்கும்போது ஒரே திருச்சபையாகவும், பில் வரும்போது எழுபது கம்பெனியாகவும் இருப்பதைச் சாதாரண விசுவாசிகளே ஏற்கவில்லை என்பதை 2021இல் எழுந்த எதிர்ப்பு காட்டியது.

கத்தோலிக்கர் தவறியது மற்றவர்களையும் தொட்டது. ஆங்கிலிக்கன் திருச்சபை கொடுக்க வேண்டிய தொகை, கத்தோலிக்கர் திரட்டும் தொகையோடு ஒப்பந்தத்தில் பிணைக்கப்பட்டிருந்தது. அவர்கள் விடுவிக்கப்பட்டதும் இவர்களுடைய பேராயங்களுக்கும் பணம் திரும்பியது. அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளாமல் பூர்வகுடிப் பணிக்கே விட்டுக்கொடுங்கள் என்று 2016இல் திருச்சபைத் தலைமை தன் பேராயங்களிடம் கேட்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு, நலமீட்பு நிதி வற்றிப்போகும் நிலையில், தன் பொதுக் காணிக்கை இயக்கத்தையே அதற்கென்று ஒதுக்கி 10 லட்சம் டாலர் இலக்கு வைத்தது. நல்ல செயல்தான். ஆனால் ஊர்களின் பக்கம் நின்று பாருங்கள்: அடுத்த ஆண்டு மொழி வகுப்பு நடக்குமா நடக்காதா என்பது, டொரன்டோவில் ஓர் அலுவலகத்தின் காணிக்கை வரவைப் பொறுத்திருக்கிறது.

இதைக் கண்டுதான் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், நீதிபதி மரே சின்க்ளேர் தலைமையில், 2015இல் வெளியிட்ட 94 கோரிக்கைகளில் 61ஆவதை எழுதியது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட திருச்சபைகள், உயிர்தப்பியவர்களோடும் பூர்வகுடி அமைப்புகளோடும் சேர்ந்து, ஒரு நிரந்தர நிதியை ஏற்படுத்த வேண்டும். சமூகங்களே கட்டுப்படுத்தும் நலமீட்பு, நல்லிணக்கப் பணிகளுக்கு. மொழி, பண்பாட்டு மீட்புக்கு. கல்விக்கும் உறவு வளர்ப்புக்கும். பூர்வகுடி ஆன்மிகப் பெரியவர்களும் இளைஞர்களும் கூடிப் பேசுவதற்கு. இதில் இரண்டு நிபந்தனைகள் உயிரானவை. பணம் தீராதிருக்க வேண்டும். பிடி சமூகத்தின் கையில் இருக்க வேண்டும். இரண்டையும் முழுமையாக நிறைவேற்றிய பெரிய திருச்சபை இதுவரை இல்லை.

2021 மே 27 அன்று, கம்லூப்ஸ் பள்ளி வளாகத்தில் நிலத்தை ஊடுருவும் ரேடார் கொண்டு தேடியதில் 215 பிள்ளைகளின் உடல் எச்சங்கள் இருப்பதாக அந்த ஊர்ப் பூர்வகுடியினர் அறிவித்தார்கள்; பின்னர் அது சுமார் 200 கல்லறைகள் இருக்கக்கூடும் என்று திருத்தப்பட்டது. இது ரேடார் காட்டும் அடையாளம். தோண்டிப் பார்த்த முடிவல்ல. மறுப்பாளர்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு எல்லாமே பொய் என்கிறார்கள். ரேடாரே இல்லாதிருந்தாலும் பதிவேட்டிலுள்ள அந்த நாலாயிரத்துச் சொச்சம் பெயர்கள் அப்படியேதான் இருக்கும். நாடு கொதித்தது. செப்டம்பரில் கனடாக் கத்தோலிக்க ஆயர் பேரவை மன்னிப்புக் கேட்டது. மூன்று நாள் கழித்து, ஐந்து ஆண்டுக்குள் 3 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் போப் பிரான்சிஸ் மஸ்க்வாசிஸ் வந்து, கிறிஸ்தவர்கள் செய்த தீமைக்காக மன்னிப்பு வேண்டினார்.

அந்த 3 கோடிக்காக உருவானது பூர்வகுடி நல்லிணக்க நிதியம். முந்தைய தவறிலிருந்து பாடம் படித்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இயக்குநர் குழுவில் பூர்வகுடியினர். தொடக்க இயக்குநர்களில் ஒருவர், தானே உறைவிடப் பள்ளியில் வளர்ந்து பின்னர் ஆணையராக இருந்த வில்டன் லிட்டில்சைல்ட். பதிவுபெற்ற அறநிறுவனம், தணிக்கை செய்த கணக்கு. மறைமாவட்ட அளவில் பூர்வகுடிப் பிரதிநிதிகளோடு சேர்ந்த குழு திட்டங்களைப் பரிந்துரைக்க வேண்டும். நிதியத்தின் நான்கு நோக்கங்களும் 61ஆவது கோரிக்கையின் நான்கு பிரிவுகளை ஏறத்தாழ அப்படியே பின்பற்றுகின்றன. மாறியது ஒன்றுதான்: ஆணையம் கேட்டது நிரந்தரம், ஆயர்கள் கொடுத்தது ஐந்து ஆண்டு. பத்தாண்டு வேண்டும் என்று ஆய்வு சொல்லிப் பதினைந்து ஆண்டுக்குப் பிறகு இந்த ஐந்து.

இப்படி ஒரு மானியம் ஊருக்குப் போனால் என்ன நடக்கிறது? வடக்கே டெனே, கிரீ ஊர்களில் நடக்கும் தோல் பதனிடும் முகாம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூஸ் என்னும் பெரிய மானின் பச்சைத் தோல் ஈரத்தோடு தூக்க முடியாத பாரம். அதை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். ஒட்டியிருக்கும் சதையை எலும்புக் கருவியால் சுரண்ட வேண்டும். பிறகு மறுபக்கம் மயிரை மழிக்க வேண்டும். அந்த மானின் மூளையையே வெந்நீரில் கரைத்து அதில் தோலை ஊறவைக்கிறார்கள். முறுக்கிப் பிழிந்து, இழுத்து, காயவிட்டு, மறுபடி ஊறவைத்து, மறுபடி இழுத்து, துணிபோல் மிருதுவாகும்வரை. கடைசியில் கூம்புபோல் தைத்து, உளுத்த மரத்தை மூட்டிய புகையில் தொங்கவிட்டால் தேன் நிறம் ஏறுகிறது. நாள்கணக்கில் நடக்கும் வேலை. தனியாளாகச் செய்ய முடியாது. எதிரெதிரே நின்று தோலை இழுக்கும்போது, கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாததைச் சொல்ல முடிகிறது. பெரியம்மா சொற்களைச் சொல்கிறாள்: இந்த எலும்புக்குப் பெயர், இந்தச் சுரண்டலுக்கு ஒரு வினை, அந்தப் புகைக்கு ஒரு சொல். பிள்ளைகளை ஊரிலிருந்து பிரித்தபோது அறுந்தது இந்தக் கைவேலை, இந்தச் சொல், இந்த உறவு மூன்றும் சேர்ந்த கயிறுதான்.

இதற்கு ஆகும் செலவு பெட்ரோல், மாவு, தேயிலை, கூடாரத் துணி, சாலையில்லாத ஊரிலிருந்து தோல் வேலை தெரிந்த பெரியவரை அழைத்துவரச் சிறு விமானக் கட்டணம், அவருக்கு மரியாதையாகக் கொடுக்கும் தொகை. சில ஆயிரம் டாலரில் முடிகிற காரியம். அதனால்தான் திருச்சபைகளின் சிறு மானியங்களை இளப்பமாகப் பேச எனக்கு மனமில்லை. சிக்கல் படிவத்தில் இருக்கிறது. எதிர்பார்க்கும் விளைவு என்ன, பயனாளிகள் எத்தனை பேர், அளவிடும் முறை எது, ரசீது எங்கே? பெரியவருக்குக் கொடுத்த புகையிலைக்கும் போர்வைக்கும் ரசீது கிடையாது. நாலு பேர் அழுதார்கள், ஒருவர் நாற்பது ஆண்டில் முதல்முறையாகத் தன் தம்பியின் பெயரைச் சொன்னார் என்பதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? படிவம் நிரப்பத் தெரிந்த, அலுவலகமும் இணையமும் உள்ள ஊர்களுக்கே பணம் மறுபடி மறுபடி போகும். இரண்டுமில்லாத ஊருக்குக் காயம் மட்டும் இருக்கும்.

பணமே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் அல்கலை லேக் ஊரை இந்தத் துறையில் வேலைசெய்யும் எல்லாருக்கும் தெரியும். ஒப்லேட் துறவிகளின் பள்ளிக்குப் பிள்ளைகளை இழந்த ஊர். 1970களின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஊர் முழுக்கக் குடி. 1972இல் ஃபிலிஸ் செல்சி என்ற பெண்ணின் சிறுமகள், நீங்கள் குடிக்கிறீர்கள், நான் வீட்டுக்கு வரமாட்டேன் என்று பாட்டி வீட்டில் நின்றுவிட்டாள். அன்று தாய் குடியை விட்டாள். சில நாளில் கணவர் ஆண்டியும் விட்டார். பின்னர் ஊர்த் தலைவரானார். பதினைந்து ஆண்டுக்குள் ஊரில் மிகப் பெரும்பாலோர் குடியைவிட்டு விலகினார்கள். இதைத் தொடங்கிவைத்தது எந்தத் திருச்சபை நிதியும் அல்ல. ஆனால் ஊரில் ஒருவர் எழுந்து நின்றபின், அவர் பின்னால் வருபவர்களுக்குச் சிகிச்சைச் செலவு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், கூடிப் பேச இடம் எல்லாம் வேண்டும். நிதியின் இடம் அங்கே. முதல் அடியைப் பணத்தால் வாங்க முடியாது. இரண்டாம் அடியிலிருந்து பணமில்லாமல் நகர முடியாது.

திருச்சபைப் பணத்தைத் தொடவே மாட்டோம் என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அடித்தவன் கையாலேயே மருந்து வாங்குவதா என்ற கேள்விக்கு வெளியிலிருந்து பதில் சொல்ல யாருக்கும் தகுதியில்லை. நான் கவனிக்கும் வேறுபாடு ஒன்று: பணம் எந்தக் கையால் வருகிறது என்பது உறுத்துவது, ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கையின் முன் போய் நிற்க வேண்டியிருப்பதால்தான். ஒரே முறையாகக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டால் அந்த உறுத்தல் பெருமளவு போய்விடும்.

எல்லைக்கு அப்பால், அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அலாஸ்காவில் குவேக்கர் சபையினர் ஒரு காலத்தில் ட்லிங்கிட் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். 2024 ஜனவரியில் அவர்கள் கேக் என்ற தீவு ஊருக்குப் போய், மக்கள் முன் நின்று மன்னிப்புக் கேட்டார்கள். கூடவே சுமார் 93 ஆயிரம் டாலரை ஊர் ஆட்சிமன்றத்திடம் கொடுத்தார்கள், ஊரார் தாங்களே அமைக்கும் நலமீட்பு மையத்துக்காக. தொகை பெரிதல்ல. மன்னிப்பும் பணமும் ஒரே நாளில், ஒரே இடத்தில், யாரிடம் சேர வேண்டுமோ அவர்கள் கையில் சேர்ந்தன. பெரிய திருச்சபைகளுக்கு முப்பது ஆண்டாகக் கூடாதது ஒரு சிறு சபைக்குக் கூடியிருக்கிறது.

கனடாவிலும் இதற்கு வழியில்லாமல் இல்லை. பள்ளிகளை நடத்திய சபைகளின் பெயரில் இன்னும் நிலங்களும் கட்டடங்களும் இருக்கின்றன. வழிபாட்டுக்கு ஆளில்லாமல் தேவாலயங்கள் விற்கப்படுகின்றன. அந்த விற்பனையில் ஒரு பங்கை மூலதனமாக்கி, பூர்வகுடிகளின் குழுவிடம் முழு உரிமையோடு கொடுத்துவிட்டால், வட்டியில் மொழி வகுப்பும் முகாமும் நடக்கும். மூடப்பட்ட நலமீட்பு அறக்கட்டளை எப்படி நடத்துவது என்பதை ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. குறைவது திறமையல்ல. காசோலைப் புத்தகத்தைக் கைவிட மனம் வரவில்லை, அவ்வளவுதான். தலைக்கு இவ்வளவு என்று அறுபது ஆண்டுக்கு மேல் தவறாமல் வாங்கியவர்கள், திட்டத்துக்கு இவ்வளவு என்று ஐந்து ஐந்து ஆண்டாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட முடியாது என்பதே என் தீர்ப்பு.

டொரன்டோவிலும் சுற்றுவட்டாரத்திலும் ஞாயிறு தோறும் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், ஐக்கியத் திருச்சபைக் கோயில்களுக்குப் போகும் தமிழர்கள் பல்லாயிரம் பேர். இந்தப் பள்ளிகளை நாம் நடத்தவில்லை என்பது சரி. ஆனால் ஆயர்கள் அறிவித்த தொகை திரள்வது நாமும் காசு போடும் தட்டிலிருந்துதான். உங்கள் பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் பங்கிலிருந்து இதுவரை எவ்வளவு போயிருக்கிறது, ஐந்தாண்டு முடிந்தபின் என்ன ஏற்பாடு. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.